இடது பக்கத் துருத்தி

நான் பழுது பார்த்த விமானம் ஒரு நாளும் தரையை விட்டு எழும்பியதில்லை. அதற்கு என்ஜின் கிடையாது, சக்கரம் கிடையாது. இரண்டு பக்கமும் முழ நீளத்துக்கு இறக்கை, பின்னால் ஒரு வால், உடம்பு முழுக்க நீலச் சாயம். திருவிழா ராட்டினத்திலிருந்து கழன்று வந்து விழுந்த பெட்டி என்றுதான் முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதில் ஏறிப் பழகியவர்களில் ஒருவன் செத்துப்போனதற்கு நான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்தடித்துச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

என் தொழில் ஆர்மோனியம். தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையற்கடை ஒன்றின் பின்பாதிதான் என் கடை. ஐம்பதுகளின் நடுவில் நாடகக்காரர்கள், பஜனைக்காரர்கள், பாட்டு வாத்தியார்கள் என்று பெட்டி வைத்திருந்தவர்கள் ஏராளம். சிங்கப்பூர் ஈரத்தில் துருத்தித் தோல் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிய பசை விட்டுப்போகும், கட்டைகள் ஊதிப்போய் ஒன்றோடொன்று இடிக்கும். எனக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைச் சரிசெய்தபின் சொந்தக்காரரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வேன். அப்போது நான் பாட்டைக் கேட்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். ஒருவர் துருத்தியை அடித்துச் சாத்துவார், இன்னொருவர் தொட்டும் தொடாமலும் தள்ளுவார். அடிக்கிற கைக்காரருக்கு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி, காற்றுப் போகும் துளையில் நகத்தளவு தோல் ஒன்றை வைத்து விடுவேன். அதற்குப் பிறகு அவர் எப்படி அடித்தாலும் பெட்டி மிருதுவாகத்தான் பேசும். தன் கையில் குறை இருந்தது அவருக்கே தெரியாது. அதைச் சொல்லிக் காட்டாமல் சரிசெய்து அனுப்புவதுதான் மரியாதை என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வைத்திருந்தார், நானும் வைத்திருந்தேன்.

எங்கள் மாதா கோயிலில் மிதித்து வாசிக்கும் ஆர்கன் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதன் அடியில் மல்லாந்து படுத்துத் துருத்திக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பளபளவென்று துடைத்த இரண்டு பூட்ஸ் கால்கள் பக்கத்தில் வந்து நின்றன. வெளியே தலையை நீட்டினால் ஒரு வெள்ளைக்காரர், விமானப்படை சார்ஜண்ட். முகாமில் தன்னிடம் ஒரு விமானம் இருப்பதாகவும், அது முழுக்க முழுக்கத் துருத்தியால் ஓடுவதாகவும், அதற்கு மூச்சு வாங்குவதாகவும் சொன்னார். குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது நிஜம். மறுநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். தகரக் கூரை போட்ட அறைக்குள் அந்த நீலப் பெட்டி நான்கு பெரிய துருத்திகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு மோட்டார் காற்றை உறிஞ்சும். உள்ளே இருப்பவன் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் இடத் துருத்தி சுருங்கும், பெட்டி இடப்பக்கம் சாயும். முன்னால் தள்ளினால் மூக்கு குனியும். தலைக்கு மேல் மூடியை இழுத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. முன்னால் எரியும் முட்களும் டயல்களும் மட்டும்தான். மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட விமானி எதையும் பார்க்காமல் எப்படி ஓட்ட வேண்டும் என்று பழக்குவதற்கு அந்தப் பெட்டி. வெளியே கண்ணாடி போட்ட மேஜையில் தேசப்படம் விரித்திருக்கும். அதன்மேல் மூன்று சக்கரம் வைத்த நண்டு போன்ற ஒரு கருவி தானாக ஊர்ந்து, உள்ளே இருப்பவன் போகிற வழியைச் சிவப்பு மையில் கோடாக இழுத்துக்கொண்டே போகும்.

முதல் தடவை என்னையும் உள்ளே உட்காரவைத்து மூடினார்கள். இரண்டு நிமிஷத்தில் எனக்கு வலது எது இடது எது என்று தெரியாமல் போய்விட்டது. உடம்பு ஒன்று சொல்கிறது, முள் வேறொன்று சொல்கிறது. நான் உடம்பை நம்பினேன். மூடியின்மேல் டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது. சார்ஜண்ட் மூடியைத் திறந்து, நான் செத்துப்போய்விட்டேன், வந்து டீ குடிக்கலாம் என்றார். சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. பெட்டிக்குள் செத்தவன் தன் பேரைத் தானே சாக்குக்கட்டியால் அதில் எழுதவேண்டும், அதுதான் அந்த அறையின் சட்டம். என் பேரை எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வாரத்தில் மூன்று நாள் முகாமில் வேலை என்று ஏற்பாடானது. சனிக்கிழமையும் அதில் ஒன்று. அப்போது உள்ளூர்க்காரர்களைச் சேர்த்து, வாரக்கடைசியில் மட்டும் விமானம் ஓட்டப் பழக்கும் ஒரு தொண்டர் பிரிவு இருந்தது. சீனர், மலாய்க்காரர், யூரேசியர் என்று கலந்திருந்தார்கள். அதில் தமிழன் ஒருவன் இருந்தான். அவன் என் மனைவியின் தம்பி.

அவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. அவன் அப்பா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டை தூக்கியவர் மகன் வெள்ளைச் சட்டை போட்டு மேஜையில் உட்கார்ந்ததே அவர்கள் வீட்டில் பெரிய பேச்சு. அவனுக்கு அது போதவில்லை. கப்பலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு, இனிமேல் ப்ளேன்தான் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவான். இருபத்து மூன்று வயது. என் மனைவிக்குப் பத்து வயதிருக்கும்போது அவர்கள் தாய் இறந்துபோனதால், அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டாலும் அது பேருக்குத்தான்.

வெட்டவெளியில் நன்றாகத்தான் ஓட்டினான். பெட்டிக்குள் போனால்தான் தகராறு. மூடியைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் அவன் கை அவனுக்கே தெரியாமல் இடப்பக்கம் சாயும். உடம்பு வலப்பக்கம் சரிவதாக அவனுக்குத் தோன்றுமாம், அதை நிமிர்த்துவதாக நினைத்து இடப்பக்கம் தள்ளுவான். சிவப்புக் கோடு இடப்பக்கம் வளைந்து, வளைந்து, நத்தைக் கூடு மாதிரி சுருண்டு நிற்கும். உயரம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரும். டொக் டொக். சனிக்கிழமை தவறாமல் கரும்பலகையில் அவன் பேர் இருந்தது. மற்றவர்களுக்கு அது விளையாட்டு, அவனுக்கு விளையாட்டாக இல்லை. இரண்டு மாதத்துக்குள் கோடு நேராகாவிட்டால் பிரிவிலிருந்து நீக்கிவிடுவோம் என்று சார்ஜண்ட் அவனிடம் சொல்லிவிட்டார்.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அத்தான், அந்தப் பெட்டிக்குத்தான் என்னைப் பிடிக்கல. நெஜ ப்ளேன்ல நான் ஒரு தப்பும் பண்ணல லா. இன்ஸ்ட்ரக்டரையே கேட்டுப் பாருங்க."

"பெட்டிக்கு என்னடா உன்மேல பகை? நீ முள்ளப் பாக்குறதே இல்ல, மாப்ள. உன் உடம்பு சொல்றதைக் கேக்குற."

"எல்லாரும் ஆபீஸ்ல 'பைலட், பைலட்'னு கூப்பிடுறாங்க. இப்ப தூக்கிட்டாங்கன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

அவன் போனபிறகு என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"என்னங்க. நீங்கதானே அந்தப் பெட்டியப் பாக்குறீங்க. அவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பெட்டியில் என்ன செய்யமுடியும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சார்ஜண்ட் சாப்பிடப் போனதும் பெட்டிக்கு அடியில் படுத்தேன். என் பையில் எப்போதும் ஆர்மோனியத் தோல் துண்டுகள் கிடக்கும். நகத்தளவு ஒன்றை வட்டமாக வெட்டி, நடுவில் ஊசியால் துளைபோட்டு, இடத் துருத்தியிலிருந்து காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில் வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. இனி அவன் இடப்பக்கம் எவ்வளவு தள்ளினாலும் பெட்டி பாதிதான் சாயும், அதுவும் மெதுவாகத்தான். அடித்து வாசிக்கும் எத்தனையோ பேருக்குச் செய்ததைத்தான் இவனுக்கும் செய்தேன். சத்தியமாக அன்று எனக்கு அது தப்பென்று படவே இல்லை. படவில்லை என்று எழுதும்போது இப்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

இரண்டு மணிக்கு அவன் ஏறினான். கோடு லேசாக நெளிந்தது, பிறகு நேராகப் போனது. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது, முகம் மட்டும் சிரித்தது. அன்று கரும்பலகையில் அவன் பேர் இல்லை. அவன் இறங்கியதும், துருத்தியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லி அடியில் புகுந்து தோலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்து ஏறுகிறவனுக்குப் பெட்டி சரியாக இருக்கவேண்டுமே. அந்த அளவுக்கு எனக்குத் தொழில் சுத்தம்!

ஏழு சனிக்கிழமை இப்படி நடந்தது. மத்தியானம் தோல் உள்ளே, மூன்று மணிக்குத் தோல் வெளியே. ஏழாவது வாரம் அவனுக்குச் சோதனை. மேஜையில் விரித்த தாளில் சிவப்புக் கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல இருந்தது. சார்ஜண்ட் அவன் கையைக் குலுக்கினார். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். தான் பழகிக்கொண்டுவிட்டதாக நம்பினான். நானும் பாதி அப்படித்தான் நம்பினேன். ஏழு வாரம் தொடர்ந்து உட்கார்ந்தவனுக்குக் கொஞ்சமாவது கை வந்திருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நிஜ விமானத்தில் வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டும் சோதனையும் ஒன்று உண்டு, பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார். அதில் அவன் இரண்டு முறை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறான். பயிற்சியாளர் சார்ஜண்டிடம் வந்து பெட்டித் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஏழு தாள், ஏழு நேர்க்கோடு. பயத்தில் கொஞ்சம் தடுமாறியிருக்கிறான், பெட்டி பொய் சொல்லாது என்று சார்ஜண்ட் சொன்னதை நான் எண்ணெய்க் குப்பியோடு பக்கத்தில் நின்று கேட்டேன். வாயைத் திறந்திருக்கவேண்டிய இடம் அது. திறந்தால் அவன் பிரிவிலிருந்து போவான், என் வேலையும் போகும், என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று மூன்றையும் யோசித்தேன். அவன் உயிரை யோசிக்கவில்லை. எண்ணெய் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மார்கழி மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வானம் வெளுத்திருந்த நேரத்தில், ஜொகூர் பக்கம் போய்த் திரும்பும் சிறிய பயணத்துக்கு அவனைத் தனியாக அனுப்பினார்கள். போகும்போது வானம் சுத்தம். திரும்பும்போது மேகம் அடைத்துக்கொண்டது. கீழே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்: மேகத்துக்குள்ளிருந்து சத்தம் சுற்றிச் சுற்றி வந்ததாம், பிறகு விமானம் இடப்பக்கம் சாய்ந்தபடியே சுழன்று வந்து மரங்களுக்குள் விழுந்ததாம்.

நான் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தேன். சார்ஜண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. எந்தப் பக்கமாக விழுந்தது என்று மறுபடி கேட்டேன். என் மனைவி என் பின்னால் நின்று சாமியாரிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவனைக் கொடுத்தார்கள். மூடிய பெட்டியின் மேல் அவள் கையை வைத்துத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். அந்தத் தட்டும் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். நான் கோயிலுக்கு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். உள்ளே, நான் ஒட்டுப் போட்ட ஆர்கன் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது. பிடாடாரி கல்லறையில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பையில் தோல் துண்டு இருந்தது. கடைக்கு எடுத்துப்போய், நூற்றுக்கணக்கான தோல் துண்டுகள் கிடக்கும் டின்னில் போட்டு நன்றாகக் குலுக்கிவிட்டேன். அது எந்தப் பெட்டிக்குள் போனது, எந்தப் பாட்டு வாத்தியார் அதன்மேல் வாசித்தார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது சார்ஜண்ட் அவனுடைய தாள்களையெல்லாம் கண்ணாடி மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். முதலில் நத்தைக் கூடுகள். பிறகு திடீரென்று, ஒரே வாரத்தில், நேர்க்கோடுகள். அவர் விரல் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. இந்த வாரம் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். அவன் வீட்டில் நன்றாகப் பழகினான் சார் என்றேன். வீட்டில் எப்படிப் பழகமுடியும் என்று அவர் கேட்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப்போனார். அதற்குப் பிறகு டீ குடிக்க என்னைக் கூப்பிடவில்லை. நான்கு மாதத்தில் மாற்றலாகிச் சீமைக்குப் போய்விட்டார். கரும்பலகையையும் யாரோ கழற்றிவிட்டார்கள், சுவரில் நான்கு ஆணி மட்டும் இருந்தது.

நான் அந்த வேலையை விடவில்லை. விட்டிருக்கலாம். விட்டால் யாராவது காரணம் கேட்பார்களே என்று பயம். ஆனால் பெட்டியை நான் பார்த்த விதம் மாறிப்போனது. ஒரு ஒழுக்கு, ஒரு தளர்ச்சி விடமாட்டேன். காற்றில் விமானம் குலுங்குவதுபோலப் பெட்டியைக் குலுக்க ஒரு திருகு உண்டு. பழகுகிறவர்கள் பாவம் என்று முன்பு அதைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பேன். இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதை முழுக்க இறுக்கினேன். பையன்கள் வெளியே வந்து என் காதுபடத் திட்டினார்கள். அந்தக் கிழட்டுப் பாவி பெட்டிக்குப் பேய் ஏற்றிவிட்டான் என்று ஒருவன் சொன்னான். எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. திட்டட்டும் என்று இருந்தேன்.

அறுபதுகளில் மின்சாரத்தால் ஓடும் வேறு கருவி வந்தது. நீலப் பெட்டியை லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள். நான் முழுநேரமும் கடைக்குத் திரும்பினேன். கடையில் என்னால் யார் கைக்கும் பெட்டியை வளைத்துக் கொடுக்க முடியவில்லை. வாசிக்கிறவரிடம், உங்கள் கை கனமாக இருக்கிறது, கையை மாற்றுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஒருவர், நீ ஆர்மோனியத்தைப் பார்க்கச் சொன்னால் என்னைப் பார்க்கிறாயா என்று கத்திவிட்டுப் போனார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள்.

என் மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், பார்த்துக்குங்க என்று தான் கேட்டதால்தானே என்று அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வாள், உயிரோடு இருக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள், உடம்பு இளைத்தாள். அரைக்கிண்ணம் சோற்றுக்குமேல் வைத்துக்கொள்ளமாட்டாள். தம்பியை நினைத்து உருகுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினோம்.

சந்திரனுக்கு மனிதர்கள் போன வருஷம் நாங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தோம். மாடி முழுக்க எல்லா வீட்டு ரேடியோவும் நான்கு மொழியில் அதையே பேசிக்கொண்டிருந்தது. என் மனைவி தமிழ்ப் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பாள். அன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். அந்த மனிதர்கள் புறப்படும் முன்பு தரையிலேயே ஒரு பொய்ப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகினார்களாம். ஜன்னலில் பொய்ச் சந்திரன் தெரியுமாம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்து விடுவார்களாம், என்ன கெடும் என்று முன்னால் சொல்லமாட்டார்களாம். எத்தனையோ தடவை அந்தப் பொய்ச் சந்திரனில் மோதிச் செத்தார்களாம்.

பேப்பரை மடியில் வைத்தாள்.

"நம்ம தம்பி உக்காந்தானே, அதே மாதிரிப் பெட்டிதானே இது?"

"ஆமா. அதுல துருத்தி, இதுல கரண்ட்."

"வெளிய உக்காந்திருக்கவங்க எவ்வளவுக்கெவ்வளவு கஷ்டப்படுத்துறாங்களோ அவ்வளவுக்கவ்வளவு நல்லதாம். போட்டிருக்கான்."

நான் எழுந்து ரேடியோவைத் திருகப் போனேன்.

"என்னங்க. இங்க பாருங்க. தம்பிக்கு நீங்க அந்தப் பெட்டியில ஏதாச்சும் லேசாக்கி விட்டீங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை. மருத்துவமனையில் டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். அவள் கழுத்தெலும்பு இரண்டும் எழும்பி நின்றது அன்றுதான் என் கண்ணில் சரியாகப் பட்டது.

"இல்ல," என்றேன். "நான் ஒண்ணும் தொடல."

"மாதா சத்தியமா?"

"மாதா சத்தியமா."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நான்தான் உங்ககிட்ட சொன்னேன், பாத்துக்குங்கன்னு. அடக்கத்தன்னிக்குப் பெட்டியத் தட்டும்போது அதான் ஞாபகம் வந்துச்சு. நீங்க எனக்காக ஏதோ செஞ்சிருப்பீங்க, அதுலதான் போய்ட்டான்னு... இத்தன வருஷமா நானே அவன முழுங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தாங்க சோறு தின்னேன். உங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் பாரம் தாங்குவதாக நினைத்த அத்தனை வருஷமும் என் கண்முன்னாலேயே அவள் தனியாக அதைச் சுமந்திருக்கிறாள். இப்போதாவது உண்மையைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தை மூடியிருந்த துணியை எடுத்தாள். பத்து வருஷம் குறைந்த முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லமுடியவில்லை. எழுந்து போய்ச் சோறு வைத்துக்கொண்டு வந்தாள், தனக்கும் தட்டு நிறைய வைத்துக்கொண்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பிடாடாரி போனோம். கூட்டம், புகை, மெழுகு வாசனை. மற்ற வருஷங்களில் கல்லறைக்கு நாலடி தள்ளியே நிற்பாள், தூரத்திலிருந்தே செபம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்று நேராகப் போய் மண்டியிட்டு, சிமெண்டைக் கையால் தடவிப் புல்லைப் பிடுங்கினாள். காற்று அடித்தது. நான் மெழுகுவர்த்தியைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து கல்லோடு பேசினாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாக.

"தம்பி, உங்க அத்தான் ஒண்ணும் செய்யலடா. நான் கேட்டுட்டேன். நீயாத்தான் பாஸ் பண்ணுன."

மெழுகு உருகி என் விரல்மேல் வழிந்தது. கையை எடுத்தால் அணைந்துவிடும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.